எரியாத முத்திரை

அத்தியாயம் ஒன்பது

நஸ்ரியா கதிரையின் நுனியில் இருந்தார். நான் வைத்த பால் தேநீரில் ஆடை கட்டிவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

"உங்கட மனிசனை இண்டைக்குப் பின்னேரம் கோட்டுக்குக் கொண்டு போகினம், என்ன?" என்று பூரணி அக்கா கேட்டார்.

"ஓம் மிஸ்."

"அவர் எடுக்கேல்லை எண்டு நீங்கள் நம்புறியளோ?"

"எனக்கு நம்பவும் ஏலாம இரிக்கு, நம்பாம இரிக்கவும் ஏலாம இரிக்கு. உடம்பெல்லாம் மரத்துப்போய்க் கிடக்கு மிஸ். அவர் வீட்ட வரணும். அது மட்டும்தான் தெரியுது."

அந்த வார்த்தையைக் கேட்டு அக்கா ஒருமுறை தலையாட்டினார். மரத்துப்போவது பற்றி அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மாசியில் அவருடைய கணவர் இறந்தார். அன்றிலிருந்து அவர் அழுததை நான் பார்க்கவில்லை, சிரித்ததையும் பார்க்கவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காத வாயைப்போல இருக்கிறதாம் மனது. கண் மட்டும் நன்றாகத் தெரிகிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கண் அது. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்த எத்தனையோ பெட்டிகளைத் திறக்காமலே படித்த கண்.

நான் பிரகலாதன். அக்காவின் உதவியாள், சாரதி, தேநீர் போடுபவன், பகிடிக்காரன். கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் கதைக்கத்தானே வேண்டும்.

வழக்கு இதுதான். துறைமுக வீதியில் ஒரு தனியார் குளிர்க் களஞ்சியம். அதன் முற்றத்தில் இரண்டு குளிர்க் கொண்டெய்னர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டிலும் கிழக்கு மாகாண ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டிய இன்சுலின். அதே இன்சுலின் போன கிழமை நகரத்து மருந்துக் கடையொன்றில் விலைக்குக் கிடந்தது. இரண்டில் ஒன்றிலிருந்து களவு போயிருக்கிறது. எதிலிருந்து என்று திறந்து பார்க்கலாமே என்றால், இந்த வெயிலில் கதவைத் திறந்து எண்ணத் தொடங்கினால் மிச்ச மருந்தும் கெட்டுவிடும். கொழும்பிலிருந்து குளிர் லொறி வரும்வரை கதவில் கை வைக்கக் கூடாதென்று உத்தரவு. அதுவரை சாட்சி சொல்ல இருப்பது கதவில் பூட்டிய முத்திரைதான். அது ஈயமுமல்ல, மெழுகுமல்ல. கண்ணாடி. ஒரு லாம்பைப் பிடித்தால் பச்சையாக எரியும். எரிந்தால் அசல், எரியாவிட்டால் மாற்றி வைத்தது.

முதலாம் கொண்டெய்னரின் முத்திரை எரியவில்லை. அதற்குக் காவல் நின்றவர் நஸ்ரியாவின் கணவர் ஸப்வான். பொலிஸுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

கதவு நிலையில் சாய்ந்து நின்றவர் தொண்டையைச் செருமினார். நஸ்ரியாவின் அண்ணன் இஹ்ஸான். இரண்டாம் கொண்டெய்னரின் காவலாளி. மச்சானுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கிண்ணியாவிலிருந்து தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"மெசின் பிழை என்டு நீங்க ஒருக்கா நிரூபிச்சாப் போதும் மிஸ்," என்றார். "மச்சானை விட்டுருவாங்க. நான் ரெண்டு நாளா இதத்தான் எல்லார்ட்டயும் சொல்லித் திரியிறன்."

"நானா மட்டும் இல்லாட்டி நான் என்ன செஞ்சிருப்பனோ தெரியா," என்றார் நஸ்ரியா, அண்ணனின் பக்கம் கையைக் காட்டி, யாரையும் பார்க்காமல்.

அக்கா எழுந்தார். "பிரகலாதன், காரை எடு."

"எங்க அக்கா?"

"அந்த லைட் சீல் செய்த பிள்ளையிட்ட. எரியாததைப் பற்றிக் கேக்கிறதுக்கு முதல், எரியிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியவேணும்."

அண்ணனும் தங்கையும் பின் ஆசனத்தில் ஏறினார்கள். பேருந்து நிலையத்தருகே இரண்டு மான்கள் சீமெந்துப் பையொன்றை மென்றுகொண்டு வீதியை மறித்து நின்றன. நான் ஹோர்ன் அடித்தேன். அவை என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கம் வந்தது. சுற்றிக்கொண்டு போனேன்.

இஹ்ஸான் வழியெல்லாம் கதைத்தபடி வந்தார். "யோசிச்சுப் பாருங்க மிஸ். ஒரே இடத்தில செஞ்ச ரெண்டு சீல். என்டது எந்தப் பக்கத்தால லைட்டப் பிடிச்சாலும் பளிச்சென்டு எரியும். மச்சான்ட சீல் துவக்கத்தில இருந்தே சண்டித்தனம். நேராப் பிடிக்கணும், சரிக்கக் கூடாது, திருப்பக் கூடாது. கடைசியில ஒரேயடியா நின்டு போச்சு. அப்ப பிழை ஆர்ட? செஞ்சவங்கட பிழைதானே?"

"நல்ல கேள்வி," என்றார் அக்கா.

முத்திரை செய்தவர் பெயர் ஜெயரூபி. உள்துறைமுகத்தைப் பார்த்த பழைய கட்டடமொன்றில் இரண்டு அறைகளை ஆய்வுகூடமாக்கி வைத்திருந்தார். முப்பது வயதிருக்கும். கண்ணின்கீழ் கருவளையம். அண்ணனையும் தங்கையையும் காரில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

"நான்தான் பொலிஸுக்குச் சொன்னனான்," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "முதலாவது சீல் என்டது இல்லை எண்டு. அந்த மனிசன் உள்ள இருக்கிறது என்ட வாயால. அதுக்காக நான் பொய் சொல்ல ஏலாது. லாம்பைப் பிடிச்சன், எரியேல்லை."

"உங்களை ஒருத்தரும் பொய் சொல்லச் சொல்லேல்லை, தங்கச்சி," என்றார் அக்கா. "அது எப்பிடி எரியுது எண்டு எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. இவருக்கும் விளங்கவேணும். ஆகவே மெதுவாச் சொல்லுங்கோ."

ஜெயரூபி விரல் நகமளவு கண்ணாடிச் சில்லொன்றை எடுத்துச் சாளர வெளிச்சத்தில் சரித்தார். நடுவில் மெல்லிய நீலப் பூச்சொன்று மினுங்கி மறைந்தது.

"இதுக்கு மேல குட்டித் தூண்கள் நிக்குது. லட்சக்கணக்கில. கண்ணுக்குத் தெரியாது, சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கும் சரியாப் பிடிபடாது. லாம்பில இருந்து போறது அகச்சிவப்பு லேசர், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சம் தூண்களுக்க போய்ச் சிக்குப்படும். அங்க ரெண்டு துளி வெளிச்சம் சேர்ந்து ஒரு துளியா வெளிய வரும். ரெண்டின்ட சக்தியும் ஒண்டுக்குள்ள வந்திடும். அதாலதான் பச்சை."

"கலியாணம் மாதிரி," என்றேன். "ரெண்டு பேர் உள்ள போய் ஒரு பில்லோட வெளிய வாறது."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது பழகிவிட்டது.

"லேசரைப் பாதியாக் குறைச்சா, பச்சை பாதியாகாது, காலாகும்," என்றார் ஜெயரூபி. "அவ்வளவு கஞ்சத்தனம். அதில்லை முக்கியம். ஒவ்வொரு தூணையும் நான் ஒவ்வொரு கோணத்தில திருப்பி வைச்சிருக்கிறன். அந்தத் திருப்பம்தான் பச்சை எந்தப் பக்கம் போகவேணும், என்ன வடிவம் கீறவேணும் எண்டு தீர்மானிக்குது. லாம்பைச் சரியாப் பிடிச்சா, முன்னால வைச்ச வெள்ளை அட்டையில ஒரு பச்சை நங்கூரம் விழும். லாம்பைக் கால்வட்டம் திருப்பினா நங்கூரம் போயிடும். பக்கத்தில நிக்கிற ஆளுக்கு ஒண்டுமே தெரியாது."

"முற்றத்தில நிக்கிற ஆக்கள் இந்த அட்டையைப் பிடிச்சுப் பாக்கிறவையோ?"

ஜெயரூபி முகத்தைத் தடவினார். "எல்லாருக்கும் அட்டை குடுத்தனான். ஆனா அவை லாம்பை அடிச்சிட்டுப் பச்சை எண்டால் சரி எண்டு போட்டு வந்திடுவினம். அட்டையால விசிறிக்கொண்டு இருக்கினம்."

"ரெண்டாவது சீலை நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை. அது நல்லா எரியுது எண்டு காவலாளி சொன்னார். பழுதானதைத்தானே பாக்கவேணும்?"

அக்கா கதவுப் பக்கம் திரும்பி, "லாம்பை எடுங்கோ. அட்டையையும் எடுங்கோ," என்றார்.

களஞ்சிய முற்றத்தில் இன்ஸ்பெக்டர் தவராசா நிழலில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பழைய அறிமுகம். மறுக்கவும் முடியாமல் வரவேற்கவும் முடியாமல் ஒரு மாதிரிச் சிரித்தார்.

"பின்னேரம் கோட் இருக்கு, பூரணி அக்கா. கெதியா முடியுங்கோ."

முத்திரைகளின் பச்சை மங்கலானது, வெயிலில் தெரியாது. ஆகவே முதலாம் கொண்டெய்னரின் கதவுக்கு முன்னால் ஒரு படங்கை, லொறி மூடும் தார்ப்பாயைக் கட்டி இருட்டுப் பண்ணினோம். ஜெயரூபி எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்தார். லாம்பு கண்ணுக்குக் கூடாதாம். அதைப் போட்டதும் நான் வெல்டிங் கடை முதலாளிபோல இருந்தேன். இன்ஸ்பெக்டர் சிறையிலிருந்து தப்பியவர்போல இருந்தார். அதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

லாம்பு எரிந்தது. அட்டை வெள்ளையாகவே இருந்தது. முத்திரை இருண்டு கிடந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ஜெயரூபி. குரலில் வெற்றியில்லை, களைப்புத்தான் இருந்தது. "அந்த நீல மினுக்கமும் இல்லை. வெறும் கண்ணாடி."

நான் சலிப்போடு கொண்டெய்னர் கதவின் தண்டில் சாய்ந்தேன். சாய்ந்தபிறகுதான் தெரிந்தது. புது வெள்ளைச் சட்டை, தோளிலிருந்து முழங்கைவரை எண்ணெய்.

"ஐயோ! இந்தக் கதவு கதவா, பராட்டாக் கல்லா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பூட்டு, கீல், சங்கிலி, தண்டு, ஆணித்தலை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்திலும் துரு இல்லை. படங்கை விலக்கி வெளியே போய் இரண்டாம் கொண்டெய்னரைப் பார்த்தார். அதன் கீல்கள் செம்பழுப்பாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரே கடற்காற்று, ஒரே முற்றம்.

"இதுக்கு ஆர் எண்ணெய் போடுறது?"

"அவர்தான் மிஸ்," என்றார் நஸ்ரியா வெளியில் நின்றபடி. "எங்கட ஆள் முந்திப் போட் எஞ்சின் வேலை. பின்னேரத்தில வேலை முடிஞ்சா, கண்ணுக்குத் தெரியிற எல்லாத்தையும் எண்ணெய்த் துணியால துடைச்சுப் போட்டுத்தான் வீட்ட வருவார். உப்புக்காத்து தின்டு போடும் என்டு. வீட்டுக் கேற், சைக்கிள், என்ட தையல் மெசின் ஒன்டையும் விடமாட்டார். உடுப்புக் கழுவிக் கழுவி என்ட கையே எண்ணெய் மணக்கும்."

ஜெயரூபி மெல்லத் திரும்பினார். "கண்ணாடியையுமா?"

"முத்திரையில தூசு பிடிச்சா ஆக்கள் பிழை சொல்லுவாங்க என்டு அத இன்னும் நல்லாத் துடைப்பார்."

ஜெயரூபி கையிலிருந்த அட்டையைத் தவறவிட்டார். "என்ட கடவுளே. தூண்களுக்கு இடையில காத்துத்தான் இருக்கவேணும். அதுக்குள்ள எண்ணெய் போய் நிரம்பினா வெளிச்சம் சிக்குப்படாது. சுருதி மாறிப்போயிடும். பச்சையும் வராது, நீலமும் வராது. நான் சூடு, மழை, வெயில் எல்லாத்துக்கும் சோதிச்சனான். ஒரு மனிசன் கண்ணாடிக்கு எண்ணெய் போடுவான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"துறைமுகத்தில வேலை செய்யிறவன் எல்லாத்துக்கும் போடுவான்," என்றார் அக்கா.

ஜெயரூபி ஸ்பிரிட்டில் தோய்த்த மெல்லிய தாளால் முத்திரையைத் துடைத்தார். காயவிட்டுத் திரும்பவும் துடைத்தார். மறுபடி படங்குக்குள் நுழைந்தோம். இந்தமுறை நஸ்ரியாவையும் இஹ்ஸானையும் அக்கா உள்ளே கூப்பிட்டார். லாம்பு எரிந்தது.

வெள்ளை அட்டையில் ஒரு சின்னப் பச்சை நங்கூரம் விழுந்தது. கூர்மையாக, அசையாமல் நின்றது. ஜெயரூபி லாம்பைக் கால்வட்டம் திருப்பினார். நங்கூரம் போயிற்று. திருப்பினார். வந்தது.

"என்டது," என்றார் ஜெயரூபி. "என்ட சீல்தான். ஒருத்தரும் தொடேல்லை. இந்தக் கதவு இன்னும் திறபடவே இல்லை." பிறகு நஸ்ரியாவின் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

நஸ்ரியா நங்கூரத்தைத் தொடப்போவதுபோல் கையை நீட்டினார். பச்சை அவர் விரலில் விழுந்தது. அழுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் அப்படியே இருந்தது. மூன்று நாளாகக் கல்லாகக் கிடந்த மனிதருக்கு நல்ல செய்தியும் உடனே உறைப்பதில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் இஹ்ஸான். உண்மையான சந்தோஷம் அது, நடிப்பில்லை. இன்றைக்கும் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். "நான் சொன்னன் தானே மிஸ்? மெசின்தான் பிழை. மச்சான் அப்பாவி. வாங்க, போய்க் கூட்டிட்டு வருவம்."

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் அக்கா. "இதில இருந்து களவு போகேல்லை. அப்ப மருந்துக் கடைக்கு வந்த இன்சுலின் எங்க இருந்து வந்தது?"

அவர் படங்கின் ஓரத்தை விலக்கி இரண்டாம் கொண்டெய்னரைப் பார்த்தார்.

"படங்கைக் கழட்டி அங்கால கட்டு, பிரகலாதன்."

கட்டினேன். கட்டும்போது காரில் கேட்டது ஞாபகம் வந்து என் கை நின்றுவிட்டது. எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் பளிச்சென்று எரியும். அந்த மனிதர் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். தன் முத்திரையின் குணம் என்று நினைத்துக் குற்றத்தையே எடுத்துக் கையில் தந்திருந்தார்.

இரண்டாம் முத்திரையில் லாம்பு பட்டது. பச்சை தாராளமாக எரிந்தது. ஜெயரூபிக்குத் தெரிந்தது, இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது, மூலையில் படங்குக் கயிறோடு நின்ற எனக்கும் தெரிந்தது. ஒரு காகம் உள்ளே வந்திருந்தால் அதற்கும் தெரிந்திருக்கும். ஜெயரூபி லாம்பைச் சரித்தார், திருப்பினார். அது அசையாமல் எரிந்துகொண்டே இருந்தது. அட்டையை முன்னால் பிடித்தார். மங்கல் பச்சை பரவியதே தவிர, நங்கூரம் இல்லை.

"இது மை," என்றார் ஜெயரூபி மெதுவாக. "கள்ள நோட்டுப் பிடிக்கிறதுக்கு விக்கிற ஒரு மை இருக்கு. அகச்சிவப்புப் பட்டாப் பச்சையா எரியும். அதைக் கண்ணாடியில பூசியிருக்கு. என்ட கண்ணாடி ஆளையும் கோணத்தையும் பாத்துத்தான் குடுக்கும். இது கேட்ட எல்லாருக்கும் குடுக்குது."

"எரியாதது அசல், எரியிறது போலி," என்றார் இன்ஸ்பெக்டர் தனக்குத்தானே. "நான் தலைகீழாப் பிடிச்சு ஒரு மனிசனை உள்ள போட்டிருக்கிறன்."

அவர் தொலைபேசியில் யாரிடமோ கதைத்து அனுமதி வாங்கினார். கதவைக் கையளவு மட்டும் திறந்தார்கள். குளிர்ப்புகை வெளியே வந்து எங்கள் காலில் படர்ந்தது. முன்வரிசையில் மருந்துப் பெட்டிகள் ஒழுங்காக நின்றன. ஒரு கொன்ஸ்டபிள் கையை விட்டு ஒரு பெட்டியை ஒதுக்கினார். பின்னால் மணல் மூட்டைகள் இருந்தன.

இஹ்ஸான் ஓடவில்லை. ஓடுவார் என்று நினைத்து நான் வழியை மறித்து நின்றது வீண். அவர் சீமெந்துத் தரையில் குந்தினார்.

"மச்சானைப் பிடிப்பாங்க என்டு நான் நினைக்கவேயில்ல," என்றார். "அது ஏன் எரியல்ல என்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. பிடிச்ச பிறகு நான் என்ன செய்ய? நான்தான் என்டு சொல்லவும் பயம். மெசின் பிழை என்டு ஆயிட்டா ரெண்டு பேரும் தப்பலாம் என்டுதான் ஆள் தேடினன். தங்கச்சி, உங்களக் கூட்டிக்கொண்டு இந்த மிஸ்ட வந்தது நான்தானே? நான்தானே கூட்டி வந்த?"

நஸ்ரியா அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மடித்து, ஜெயரூபியிடம் கொடுத்தார். "உம்மாக்கு ஆர் சொல்ற?" என்று மட்டும் கேட்டார்.

இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் இஹ்ஸானை ஏற்றினார்கள். நாங்கள் பின்னால் காரில் போனோம். வழியில் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. பக்கத்தில் அக்கா முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"உங்களுக்குக் காரிலயே தெரியும், என்ன?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை நங்கூரம் விளங்கப்படுத்தேக்க தெரிஞ்சிட்டுது."

"பிறகு ஏன் நஸ்ரியாவையும் படங்குக்குள்ள கூப்பிட்டனீங்கள்? வெளிய நிண்டிருக்கலாமே."

அக்கா வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேற ஆக்கள் சொல்லி அறிஞ்சா வாழ்நாள் முழுக்க நம்பமாட்டா. கண்ணால பாக்கட்டும் எண்டு நினைச்சன்," என்றார். பிறகு, "எனக்கு அவவைப் பாக்கப் பாவமா இருக்கவேணும் தம்பி. ஒண்டும் வருகுதில்லை. சரியானதைச் செய்தனோ எண்டும் தெரியேல்லை," என்றார். பின் ஆசனத்தில் நஸ்ரியா இருக்கிறார் என்பதை அவர் மறந்துவிட்டாரா, தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"சரிதான் மிஸ்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அவர் வீட்ட வரணும் என்டுதானே கேட்டனான்."

பொலிஸ் நிலையத்தில் இஹ்ஸானைப் பின்வாசலால் கொண்டு போனார்கள். ஸப்வானை முன்வாசலால் விடுவதற்குச் சற்று நேரமாயிற்று. நஸ்ரியா மரத்தடியில் நின்றார். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டார், திரும்ப இழுத்து விட்டார்.

ஸப்வான் வந்தார். மெலிந்த மனிதர். மூன்று நாள் தாடி. வாசலில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி மனைவியைக் கண்டதும் ஓடிவந்தார். கையைப் பிடித்தார்.

"அழ வேணாம் புள்ள, முடிஞ்சுது," என்றார். நஸ்ரியா அழவேயில்லை. "சீல் சரி என்டுட்டாங்களாம். இன்ஸ்பெக்டர் ஐயா என்ட கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்ட. இதெல்லாம் மச்சான்ட வேலைதான், எனக்குத் தெரியும். முதல் நாளே வந்து கம்பியால கையப் பிடிச்சிட்டு, உன்ன எப்பிடியும் வெளிய எடுப்பன் என்டு சொன்ன மனிசன்."

அவர் எங்கள் காரைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார், மோட்டார் சைக்கிள் ஏதாவது நிற்கிறதா என்று தேடினார்.

"எங்க, மச்சான் வரல்லையா?"

"வந்திருக்கார்," என்றார் நஸ்ரியா.

கணவர் இப்போதுதான் இறங்கிவந்த வாசலைக் கையால் காட்டினார்.